கல்லு நகராது

"எடத்தச் சொல்லு, ஆளச் சொல்றேன்."

முதலாமாண்டு மானிடப் புவியியல் வகுப்பில் அந்த மனிதர் எங்களிடம் பேசிய முதல் வாக்கியம் அது. வருஷக் கடைசியில் பேசியதும் அதேதான். நடுவில் வேறு ஏதாவது சொன்னாரா என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இருமினார், கண்ணாடியைத் துடைத்தார், பிரெஞ்சில் 'இதோ பார்' என்கிற மாதிரி "வுவாலா" என்றார். 'அவர்' என்று எழுதுவதை மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அது வெறும் பழக்கதோஷம். பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் யாருடைய பெயரையும் அவர் அந்த வருஷம் முழுக்கச் சொன்னதில்லை. அதற்கு இது சரியாகப் போயிற்று.

மானிடப் புவியியல் என்றால் மனிதர்களைப் பற்றியது என்று நம்பித்தான் நான் அதில் சேர்ந்தேன். ஒரு ஊரில் ஏன் ஜனம் சேருகிறது, இன்னொரு ஊரை விட்டு ஏன் போகிறது, ஒரு தெரு ஏன் அங்கே போய் வளைகிறது என்பதெல்லாம் புதுச்சேரியில் பிறந்தவளுக்குப் பஸ்ஸில் போனாலே தோன்றும் கேள்விகள். இங்கே ஒரு டவுன் பஸ் நேராகப் போனால்கூட புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் புகுந்து, மறுபடி புதுச்சேரிக்குள் வந்து, திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் போகும். சாராயக்கடையைப் பார்த்துத்தான் எந்த அரசாங்கத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்படி ஒரு ஊரை வைத்துக்கொண்டு எல்லை என்ற பாடத்தை நடத்த எங்காவது போக வேண்டுமா? அந்த மகானுபாவர் ஐரோப்பாவுக்குப் போனார். ஆல்ப்ஸ் மலை இயற்கை எல்லை, எழுதிக்கோ. ரைன் நதி இயற்கை எல்லை, எழுதிக்கோ. நாங்களும் எழுதிக்கொண்டோம்.

முதல் நாள் மட்டும் அசந்துபோனேன், அதை மறைக்கவில்லை. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். "கரும்பலகை வடக்கு. ஜன்னல் கிழக்கு, அதாவது கடல். கதவு மேற்கு. இப்ப ஒவ்வொருத்தரா ஊரைச் சொல்லுங்க" என்றார். கருவடிக்குப்பத்துப் பையன்களை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். டவுன்காரர்கள் ஜன்னலை ஒட்டி நடுவில். உழவர்கரை முழுக்க இடது கைப் பக்கம். மேற்கே கிராமங்களிலிருந்து வந்தவர்கள் கதவோரம். நான் வீராம்பட்டினம், தெற்கே கடலோரத்து மீனவர் ஊர், அதனால் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரம். வகுப்பே புதுச்சேரி வரைபடமாகிவிட்டது. ஆகா, இதுவல்லவா பாடம் என்று எனக்குப் புல்லரித்தது.

புல்லரித்தது மறுநாளே அடங்கிவிட்டது. அந்த வரைபடம் அவருக்குப் பாடம் நடத்த அல்ல, எங்களை எடைபோட. அதற்குப் பிறகு யாருக்கும் பெயர் கிடையாது. "ஏ உழவர்கரை, டஸ்டரை எடு." "கருவடிக்குப்பம், தூங்காத." கதவோரத்துக் கிராமத்துப் பையன் கை தூக்கினால், "உனக்கென்ன சந்தேகம், நீ மணிலா புடுங்கப் போற" என்பார், மணிலா என்றால் வேர்க்கடலை. டவுன் பெஞ்சில் இருப்பவர்களிடம் மட்டும் குரலில் தேன் வழியும். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய வீட்டுப் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். அவளைப் பார்த்தால் இவருக்கு "போன்ழூர்" வரும், "வுவாலா" வரும். ஒருநாள் அவள் உண்மையிலேயே பிரெஞ்சில் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டாள், நல்ல நீளமான சந்தேகம். இவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், "கிளாஸ் முடிஞ்சி வா" என்றார். கிளாஸ் முடிவதற்கு முன்னாலேயே தலைவலி என்று கிளம்பிவிட்டார்.

இடப்பெயர்வுப் பாடத்தை நடத்திய அழகைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து மனிதனைத் தள்ளும் காரணிகள், ஊருக்கு இழுக்கும் காரணிகள் என்று இரண்டு உண்டு. மழை இல்லை என்றால் தள்ளும், வேலை இருந்தால் இழுக்கும். அவ்வளவுதான் விஷயம். கதவோரத்துப் பையனை எழுப்பி, "நீ டவுனுக்கு ஏன் வந்த? தள்ளுச்சா, இழுத்துச்சா?" என்று கேட்டார்.

பையன் பாவமாக, "பஸ் வந்திச்சி சார்" என்றான்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது, அந்த வருஷம் அந்த வகுப்பில் பேசப்பட்ட ஒரே புவியியல் அந்தப் பையன் சொன்னதுதான். அவனை மணி அடிக்கிறவரை நிற்க வைத்தார்.

என் கதையைக் கேளுங்கள். வீராம்பட்டினம் என்றதும் அவர் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டுவிட்டார். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடை சுமக்கிறவள், முடிந்தது. என் அப்பா எலக்ட்ரிஷியன். படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். ஊர்த் தேரோட்டத்துக்கு சீரியல் பல்பு கட்டுவதுதான் அவர் கடலுக்குப் பக்கத்தில் செய்த பெரிய காரியம். இதை நான் சொல்லவந்தபோதெல்லாம், "எடத்தச் சொன்ன இல்ல? ஆளு தெரிஞ்சி போச்சி" என்று கையமர்த்திவிடுவார். ஒரு சனிக்கிழமை வஞ்சிரம் வேண்டும் என்றார். நான் பெரிய மார்க்கெட்டில் ஐஸில் கிடந்ததை, எந்தக் கடலில் பிடித்ததோ, வாங்கிப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பணம் கொடுத்துவிட்டார், அந்தக் குற்றம் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும், "வீராம்பட்டினத்து மீனுக்கு உள்ள ருசி வேற எங்க வரும்? மண்ணு அப்படி" என்றார். கடலில் என்ன மண்ணோ, அவருக்கே வெளிச்சம்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. அஞ்சலாட்சி விஷயத்தில்தான் எனக்கு அந்த ஆளைப் பார்த்தாலே வயிறு எரிய ஆரம்பித்தது.

அஞ்சு என் சிநேகிதி. கருவடிக்குப்பத்துக்கும் வடக்கே, புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற இடத்தில் அவள் வீடு. அவள் தெருவுக்கு ஒரு அரசாங்கம், கொல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பின்தெருவுக்கு இன்னொன்று. தமிழ்நாட்டில் மின்வெட்டு ஆரம்பித்த காலம் அது. அஞ்சு வீட்டில் டிவி ஓடும், பின்வீட்டார் விசிறியோடு வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். முதல் நாள் அவள் தன் ஊரைச் சொன்னபோது அந்த மனிதர் யோசித்தார். முதல் பெஞ்சையும் தாண்டி, கரும்பலகைக்கு அடியில் தனியாக ஒரு நாற்காலி போடச் சொன்னார். "நீ எல்லை. அங்க உக்காரு" என்றார். வருஷம் முழுக்க அவள் பெயர் 'எல்லை'. அவர் எழுதி அழிக்கிற சாக்பீஸ் தூளெல்லாம் அவள் தலையில் விழும். மத்தியானம் சாப்பிடுவதற்கு முன்னால் நான்தான் தட்டிவிடுவேன்.

ஒருநாள் கல்லூரி ஆபீஸிலிருந்து சூப்பரின்டெண்டு ஏதோ சுற்றறிக்கையோடு வகுப்புக்கு வந்தார். தனி நாற்காலியைப் பார்த்து, "இந்தப் பொண்ணு ஏன் தனியா உக்காந்திருக்கு?" என்று கேட்டார். இவருக்கு வேடிக்கை காட்ட ஆள் கிடைத்த சந்தோஷம்.

"அது நம்ம ஆளு இல்ல சார். எல்லைக்கு அந்தாண்ட" என்றார்.

வகுப்பு சிரித்தது. சூப்பரின்டெண்டு சிரிக்கவில்லை. அஞ்சு சேர்ந்தது புதுச்சேரிக்காரர்களுக்கு ஒதுக்கிய இடத்தில். அந்தாண்ட ஆள் என்றால் அந்த இடத்தில் எப்படிச் சேர்ந்தாள்? பேச்சு பிரின்சிபால் வரைக்கும் போயிற்று. குடியிருப்புச் சான்றிதழ் இருக்கிறது என்று அஞ்சு கொண்டுவந்து காட்டினாள். அது பழைய கூரை வீட்டுக்கு வாங்கியது, இப்போது கட்டியிருப்பது கல்வீடு, அது எந்தப் பக்கம் வருகிறது என்று யார் கண்டது என்றார்கள். கடைசியில் பிரின்சிபால், "ஜியாக்ரபி சார்தான் இருக்காரே, நேர்ல போயி அளந்து எழுதிக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பூனையிடம் கருவாட்டைக் காவல் வைத்த மாதிரி.

இடம் போனால் அஞ்சுவுக்கு என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனம் பக்கத்தில் செங்கல் சூளை வைத்திருக்கும் அவள் தாய்மாமன், முன்பற்கள் இல்லாத மனிதர், காலேஜ் எப்போது நிற்கும், அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று காத்துக்கொண்டிருந்தார். தை மாசம் என்று பேச்சு. அஞ்சு அப்பாவின் காலில் விழுந்துதான் காலேஜுக்கே வந்திருந்தாள்.

அதையெல்லாம் அந்த மனிதர் யோசித்திருப்பாரா? அவர் சொன்னது இதுதான்: "எல்லாரும் ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. இதையே ப்ராக்டிகலா வச்சிக்கலாம்."

அதாவது, ஒரு பெண் இந்த ஊரில் இருக்கலாமா கூடாதா என்பதை அவள் கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் அவள் வீட்டுக்கே போய் டேப் வைத்து அளந்து, அதற்கு மார்க் வாங்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் போகவே கூடாது என்றிருந்தேன். அஞ்சுதான் போன் பண்ணி, "நீ வாடி. நீயாவது கூட இரு" என்றாள். போனேன்.

வீட்டுக்கு முன்னால், வேப்பமரத்தடியில், ஒரு கல். இடுப்பு உயரம், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, எலுமிச்சம்பழ மாலை போட்டிருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் நட்ட எல்லைக்கல். மஞ்சளுக்கு அடியில் ஏதோ எழுத்து வெட்டியிருப்பது தடவினால் தெரியும். எல்லையைக் காக்கிறவள் சும்மா கல்லாக இருப்பாளா? எந்தக் காலத்திலோ யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டார்கள், எல்லையாத்தா ஆகிவிட்டாள். இரண்டு தெருவுக்கும், இரண்டு அரசாங்கத்துக்கும் அவள்தான் பொதுச் சாமி.

அந்த மனிதர் கர்ச்சீப்பால் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். கொடுத்த மோரைக் கீழே வைத்தார். என்னைக் கூப்பிட்டு டேப்பின் தலைப்பைக் கல்லின்மேல் பிடிக்கச் சொன்னார். மறுமுனையை ஒரு பையன் வீட்டைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனான். அளப்பதற்கு ஒன்றுமே இல்லை. கல்லுக்குத் தெற்கே புதுச்சேரி, வடக்கே தமிழ்நாடு. வீடு மொத்தமும் கல்லுக்கு வடக்கே இருந்தது.

"வுவாலா" என்றார். "வீடு பூரா தமிழ்நாடு."

அஞ்சுவின் அப்பா சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, கல்லு இங்க இருந்ததில்லைங்க. வூட்டுக்குப் பின்னாடி, கொல்லைக் கோடியில இருந்திச்சி. வூடு கட்டறப்போ பின்னாடி கக்கூஸ் வந்துடுச்சி. ஆத்தா பக்கத்துல கக்கூஸ் ஆவுமா? அதான் நாங்களே மேளம் வச்சி எடுத்தாந்து முன்னாடி நட்டுட்டோம். தெருவே சாட்சிங்க."

"ஆமாங்க, நான்தான் குடம் தூக்கினேன்" என்றாள் தமிழ்நாட்டிலிருந்து வந்து நின்ற பின்வீட்டுக்காரி.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் என்ன செய்வார்கள்? பின்னால் போய்ப் பார்ப்பார்கள். கல் இருந்த பள்ளம் இருக்கிறதா என்று தேடுவார்கள். சர்வே வரைபடம் கேட்டு வாங்குவார்கள். நான் அதைத்தான் சொன்னேன், "சார், மேப்பு வாங்கிப் பாக்கலாமே?" என்று.

அவர் எழுந்து நின்றார். ஏதோ உலகத்துக்கே போதிப்பதுபோல் விரலை உயர்த்தினார்.

"மேப்பு மனுஷன் வரையறது. கல்லு கவர்மெண்டு நட்டது. கல்லு நகராது. மனுஷங்கதான் நகருவாங்க. அதாம்மா ஹியூமன் ஜியாக்ரபி. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள், பாவிகள். எதிரில் அந்த வீட்டு ஜனங்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள், கல்லைத் தூக்கிய கையோடு. அஞ்சு கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். இந்த ஆள் மேற்கோள் சொல்லிவிட்ட திருப்தியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த டேப்பை அவர் கழுத்தில் சுற்ற வேண்டும்போல் எனக்கு இருந்தது.

மறுநாளிலிருந்து தனி நாற்காலி காலி. அஞ்சு வரவில்லை. அறிக்கை பிரின்சிபாலுக்குப் போய்விட்டது, மாசக் கடைசியில் முடிவு செய்வார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். தாய்மாமன் வந்து உட்கார்ந்திருந்தார், வெற்றிலை பாக்கோடு. அஞ்சுவின் அப்பாவைப் பெற்றவர்கள் இல்லை, அவருடைய அக்காள்தான் வீட்டுக்குப் பெரியவள். அஞ்சுவுக்கு அத்தை, எனக்கும் அத்தைதான். அந்த அத்தைக்கும் அஞ்சுவின் அம்மா வீட்டாருக்கும் என்றைக்குமே ஆகாது. தாய்மாமனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"கல்லு நகராதாமே, அந்த வாத்தியார் சொன்னாராமே" என்று தாய்மாமன் பல்லில்லாத வாயால் சிரித்தார்.

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். தீபம் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது, முடி அவிழ்ந்தது, "ஏய்!" என்று ஒரு சத்தம். இரண்டு தெருவிலும் கதவு திறந்தது.

"என்னை எதுக்குடா வாசல்ல கொண்டாந்து வச்சீங்க? நான் கொல்லை காக்கறவடா! என் எடத்துல என்னை வைய்யி! கக்கூசை இடிச்சிட்டு வைய்யி! இல்லன்னா ரெண்டு பக்கத்தையும் வாரிக்கிட்டுப் போவேன்!"

தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. தாய்மாமன்கூடத்தான். அத்தைக்கு உண்மையிலேயே சாமி வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அவளைக் கேட்டதில்லை. ஆத்தா கேட்டுவிட்டாள், அதற்கு மேல் பேச்சில்லை.

அவர்கள் ஆசையாகக் கட்டிய கக்கூசை அஞ்சுவின் அப்பாவே கடப்பாரையால் இடித்தார். வயசுக்கு வந்த மூன்று பெண்கள் இருக்கிற வீடு அது, அஞ்சுவுக்குக் கீழே இரண்டு தங்கைகள். மறுபடி ஓரமாக ஒன்று கட்டி முடிக்கிறவரை அவர்கள் இருட்டுவதற்குக் காத்திருந்து சவுக்குத் தோப்புக்குப் போனார்கள். ஒரு முட்டாள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்துவிட்டால் அதற்கு யார் யார் என்னென்ன கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். இதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆத்தாவைப் பழைய இடத்திலேயே நட்டு, குடமுழுக்கு என்று நாள் குறித்தார்கள். அஞ்சுவின் அப்பா தாம்பூலத் தட்டோடு கல்லூரிக்கே வந்து அந்த மனிதரை அழைத்தார். மஞ்சள் நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் 'பேராசிரியர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. லெக்சரருக்கு வேறென்ன வேண்டும்? அதை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சுற்றினார். "ஜனங்களுக்கு ஒரு மரியாதை இருக்கு பாரு" என்றார். எங்களையும் வரச் சொன்னார், அவருக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்க்க.

போய் இறங்கியதும் மேளம். மாலை. தலையில் பரிவட்டம், கோயிலில் பெரிய மனிதர்களுக்குக் கட்டுவார்களே, அந்தப் பட்டுத் துணி. இதையெல்லாம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைபோல் நடந்தவரை வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே புதுப் பந்தலில், புது மஞ்சளோடு, அதே கல்.

அவர் நின்றுவிட்டார். வேப்பமரத்தடி அவருக்கு மறந்திருக்காது. அங்கே பள்ளத்தை மூடிய புது மண் இன்னும் ஈரமாக இருந்ததையும் வரும்போது பார்த்திருப்பார். மேளம் நின்றது. ஐயர் இல்லாத கோயில், பூசாரியும் சும்மா நின்றார். அஞ்சு என் கையைப் பிடித்திருந்தாள். அந்த மனிதர் வாயைத் திறந்து "கல்லை மாத்திட்டீங்களே" என்று ஒரு வார்த்தை சொன்னால் தை மாசம் அவளுக்குக் கல்யாணம்.

அஞ்சுவின் அப்பா கைகட்டிக்கொண்டு, நிதானமாக, கேலி துளியும் இல்லாமல் சொன்னார்:

"ஐயா, இன்னொரு தடவ அளந்துடுங்க. கல்லு நகராதுன்னு நீங்கதான சொன்னீங்க."

பரிவட்டத்துக்குக் கீழே அந்த முகத்தில் நடந்ததை நான் பார்த்தேன். கல் நகர்ந்தது என்றால் அன்றைக்கும் நகர்ந்திருக்கலாம். அன்றைக்கு நகர்ந்திருந்தால் அறிக்கை தப்பு. வகுப்பில் எழுத வைத்த மேற்கோள் தப்பு. சுற்றி இரண்டு அரசாங்கத்து ஜனமும் நிற்கிறது. அந்தப் பெண்ணின் கதி என்ன என்று ஒரு கணமாவது நினைத்தாரா என்றால், இல்லை. அந்தக் கண்ணில் அஞ்சுவே இல்லை. தான் மட்டும்தான் இருந்தார்.

திரும்பினார். என்னைப் பார்த்தார்.

"ஏ வீராம்பட்டினம். அன்னிக்கு டேப்போட தலைப்பைப் புடிச்சது நீதான?"

"ஆமா சார்."

"வடக்கையும் தெற்கையும் மாத்திப் புடிச்சிருக்கா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "கடக்கரைப் பொண்ணு. அதுங்களுக்குக் கிழக்க விட்டா வேற தெசை தெரியாது. எடத்தப் பாத்தாலே ஆளு தெரியும்னு நான் சொல்லலை?"

எனக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. கல் முன்னால் இருந்ததை வகுப்பே பார்த்திருக்கிறது, நீ நாற்காலி போட்டு உட்கார்ந்ததே அதன் பக்கத்தில்தானே என்று கேட்க நாக்கு துடித்தது. அஞ்சு என் கையை இன்னும் இறுக்கினாள்.

"ஆமா சார். மாத்திப் புடிச்சிட்டேன்" என்றேன்.

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. மணிலா புடுங்கப் போகிறவனும், பிரெஞ்சுப் பென்ஷன் வீட்டுப் பெண்ணும்கூட. அவர் அளந்தார். வீடு மொத்தமும் கல்லுக்குத் தெற்கே. "வுவாலா, பூரா புதுச்சேரி" என்று அங்கேயே, பரிவட்டத்தோடு, புது அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அத்தை குலவை போட்டாள்.

அந்த மனிதர் தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும். அதையும் திமிரால் செய்தார். எனக்கு ப்ராக்டிகலில் பாஸ் மார்க்குக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை அஞ்சுவின் நாற்காலியை முதல் பெஞ்சுக்கு இந்தப் பக்கம் போட்டார்கள். என்னைத் திசை தெரியாதவள் என்று சொல்லி, கரும்பலகைக்கு அடியில் உட்கார வைத்தார். சாக்பீஸ் தூளை இப்போது அஞ்சு தட்டிவிட்டாள்.

அடுத்த வருஷம் ஆத்தாவுக்குத் திருவிழா என்று அஞ்சு கூப்பிட்டாள், போயிருந்தேன். முதலாமாண்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தலையில் பட்டோடு, அந்த மனிதர் கல்லைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து ஒரு அங்குலம்கூட நகராத கல்லாம். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அத்தையிடம் போனேன்.

"இந்த ஆளுக்குப் போயி வருஷா வருஷம் பரிவட்டமா அத்த? உங்களுக்கு வெக்கமா இல்ல?"

அத்தை பூக்கட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"சின்னவளுங்க ரெண்டு பேரு இன்னும் காலேஜு சேரலடி. அந்தத் தலைக்குள்ள புதுசா எதுவும் பூந்துடக் கூடாதில்ல? அதான், நானே நின்னு இறுக்கிக் கட்டச் சொல்றேன்."